குழலியின் மோதிரவிரல்

திருப்பருத்திக்குன்றம்
13.7.2025, ஞாயிறு

அன்புள்ள காயத்ரி,

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து உன்னை எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. நேற்றுதான் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்தது. நேரில் வந்தேன். உன் கணவர் தினகரன் வாசலிலேயே மறித்து, "இன்னாத்துக்கு மேடம் வந்துக்கினு இருக்கீங்க? எங்க புள்ளைய நீங்க பாத்த வரைக்கும் போதும்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார், சொல்லட்டும். அதனால் எழுதுகிறேன். மதுமிதா உங்கள் அடுத்த தெருதானே, நாளை மாலை பையனை அழைத்துப்போக வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குழலி எப்படி இருக்கிறாள்? சென்னையில் டாக்டர் என்ன சொன்னார்? விரல் தப்புமா? இதற்கு மட்டுமாவது ஒரு வரி எழுதிவிடு. மற்றபடி நீ என்னைத் திட்டி எழுதினாலும் சரி.

நடந்தது உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை எங்களுக்குத் தண்ணீர் விளையாட்டு நாள். முற்றத்தில் இரண்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். பதினொரு குழந்தைகள், நானும் உதவிக்கு இருக்கும் சம்யுக்தாவும். குழலி சொப்புப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு உடம்பு துடைத்து உள்ளே அழைத்தோம். பெட்ஷீட் கட்டிய வீட்டுக்குள் போய் பொம்மையோடு உட்கார்ந்துகொண்டாள். விளையாட்டில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். "கையக் காட்டுடா" என்றேன். மாட்டேன் என்றாள். பிடித்து இழுத்தேன். மோதிரவிரலில் சிவப்புப் பட்டு நூல், ஐந்தாறு சுற்று. தோலுக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. அப்போதுதான் அந்த நூலை நான் முதலில் பார்த்தேன். கத்தரி நுழையவில்லை. அப்படியே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும்.

என் வீட்டில் நடந்தது. பொறுப்பு என்னுடையது.

பிராமி


பிள்ளையார்பாளையம்
15.7.2025

டீச்சர் அவர்களுக்கு,

போனில் நீங்கள் பேசினால் எங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்பார்கள். அதனால்தான் பிளாக் செய்தேன். எழுதுவதாக இருந்தால் மதுமிதாவிடம் மட்டும் கொடுங்கள்.

விரல் நுனி கறுத்திருக்கிறது. பத்து நாள் பார்க்கலாம், ரத்த ஓட்டம் வந்தால் வரும், இல்லாவிட்டால் நுனியை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி இதை எழுதுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

அவளை உங்களிடம் சேர்த்தபோது எங்கள் தெருவே என்னைக் கேட்டது. இன்னாம்மா, பெஞ்சு இல்ல, யூனிபாரம் இல்ல, ஏபிசிடி இல்ல, மாவு பிசைஞ்சிக்கினு மண்ணுல புரண்டுக்கினு இருக்குது, இதுக்கா அனுப்பறே என்று. என் மாமியார் கேட்டார், நாத்தனார் கேட்டார். "அது ஸ்கூல் இல்ல அத்தே, வீடு மாதிரி. புள்ளைங்க பிராமி அக்காவ அத்தைன்னுதான் கூப்பிடுதுங்க" என்று உங்களுக்காக நான் வாய் வலிக்கப் பேசினேன். வீடு மாதிரி! வீட்டில் ஒருத்தி சுண்டு விரலைச் சுவரில் இடித்துக்கொண்டாலும் ஓடி வந்து பார்ப்போம். நீங்கள் ஒன்றரை மணி நேரம் பார்க்கவில்லை. விளையாடுகிற குழந்தையைக் கலைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். நீங்கள் கலைத்திருந்தால் என் பிள்ளையின் விரல் கறுத்திருக்காது.

குழலியே சொல்கிறாள், உங்கள் வீட்டில் கிடந்த நூலை எடுத்துத் தானே கட்டிக்கொண்டேன் என்று. அவள் அப்பா குழந்தைகள் நல ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 25ஆம் தேதி உங்கள் வீட்டுக்கே விசாரணைக்கு வருகிறார்கள். இப்படிப்பட்ட இடம் ஊரில் இருக்கக் கூடாது என்று அவர் சொல்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

காயத்ரி


16.7.2025

காயத்ரி,

விசாரணைக் கடிதம் எனக்கும் வந்துவிட்டது. வரட்டும். விளையாட்டைக் கலைக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் நீ எழுதியது உறைக்கிறது.

ஆனால் ஒன்று. நூல் என் வீட்டில் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நீ சொல்லலாமா? என் வீட்டில் பட்டு நூல் ஒரு இழை கிடையாது என்று இந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் நீதான்.

போன வருடம் குழலியின் பிறந்தநாள் உனக்கு மறந்திருக்காது. தினகரன் ஆசையாக நெய்து தைக்கக் கொடுத்த பச்சைப் பட்டுப் பாவாடையோடு வந்தாள். எங்கள் வீட்டில் புழுவைக் கொன்று எடுத்த நூலை உடுத்துவதில்லை, அம்மா காலத்திலிருந்தே அப்படி. அதற்காக ஒரு சின்னக் குழந்தையை வாசலில் நிறுத்தி வேறு கவுனுக்கு மாற்றச் சொன்னேன். அவள் அழுதாள். நீ சாயங்காலம் வந்து, "எங்க வூட்ல சோறு பொங்கறதே பட்டுலதான்கா. அப்ப நாங்கல்லாம் பாவிங்களா?" என்று கேட்டாய். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாதம் என் பெயர்தான் அடிபட்டது. இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, அந்த நூல் வெளியிலிருந்துதான் வந்தது. எங்கிருந்து என்று நான் யாரையும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை.

பதினொரு பேரில் இப்போது ஏழு பேர் வருகிறார்கள். மூன்று நாளாக ஒரே விளையாட்டுதான்: ஆஸ்பத்திரி. பொம்மைகளுக்கெல்லாம் கையில் கட்டு. எட்டு வருடமாக நடக்கிற இடம் இது. பெரிய ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகள் அழாமல் வருகிற ஒரு வீடாவது இந்த ஊரில் இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். 25ஆம் தேதிக்குப் பிறகு இருக்குமா என்று தெரியவில்லை.

குழலி மருந்துக்கு அழுகிறாளா?

பிராமி


18.7.2025

டீச்சர் அவர்களுக்கு,

"எங்கிருந்து என்று நான் யாரையும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை." இப்படி எழுதினால் என்ன அர்த்தம்? கேட்பதானால் நேராகக் கேளுங்கள். இந்த மாதிரி ஒரு வரியைப் போட்டுவிட்டுப் பிறகு மருந்துக்கு அழுகிறாளா என்று கேட்கிற வேலை என்னிடம் வேண்டாம்.

எங்கள் வீட்டில் எங்கே கையை வைத்தாலும் நூல்தான். தறியில் அறுந்தது, வெட்டிப் போட்டது, துடைப்பத்தில் சிக்குவது எல்லாம் பட்டுதான். ஒரு பிள்ளை அதில் ஒன்றை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கும், உங்கள் வீட்டில் வந்து விரலில் சுற்றிக்கொண்டிருக்கும். இதுதான் நடந்தது. நூல் யாருடையது என்பது முக்கியமா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார் என்பது முக்கியமா?

உங்களுக்கு என் நிலைமை தெரியாது. நான் ஒரகடம் கம்பெனிக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. விடியற்காலை நாலே முக்காலுக்கு பஸ். "பெத்த புள்ளைய வுட்டுட்டு எவனோ செல்போனுக்கு ஸ்க்ரூ முடுக்கறதுக்கா போறே" என்று மாமியார் தினமும் ஒரு தடவை கேட்கிறார். குழலியின் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார்: "குழலிக்கு உன்னால ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா அன்னியோட வேலை கட்." இப்போது எல்லோரும் தவறு உங்களுடையது என்று நினைப்பதால் வேலை தப்பியிருக்கிறது. இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மதுமிதாவிடம் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? நேற்று கம்பெனி பஸ்ஸில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

25ஆம் தேதி விசாரணையில் என்ன சொல்லப் போகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

காயத்ரி


21.7.2025

காயத்ரி,

மதுமிதாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் பார்வை எப்போதுமே அப்படித்தான்.

நேராகக் கேட்கச் சொல்கிறாய். கேட்க வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும். நாலு வயதுக் குழந்தையால் ஒரே கையால் தன் விரலில் ஆறு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட முடியாது. அந்த முடிச்சை நான் கிட்டத்தில் பார்த்தேன். கைபழகியவர்கள் போட்ட முடிச்சு அது.

இன்னொன்று. குழலி தன் விளையாட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் கம்பெனி பஸ் விளையாட்டுதான். நாலு ஸ்டூலை வரிசையாகப் போடுவாள். அட்டையில் வெட்டிய ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். கிளம்புவதற்கு முன்னால் பொம்மையின் கையில் துணிக்கிழிசலைக் கட்டிவிட்டு, "இது இருக்கற வரைக்கும் அம்மா உன்கூடவே இருக்கேன். அவுத்துடாத. நாலு மணிக்கு வந்து நானே அவுக்கறேன். அழக்கூடாது, இன்னா?" என்பாள். உன் குரல் அப்படியே வரும். சம்யுக்தாவும் நானும் சிரித்தோம்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது.

முதல் கடிதத்தில் பொய் எழுதினேன். அந்த நூலை நான் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முதலில் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன் எல்லா நாளும் பார்த்தேன். தளர்வாக, மோதிரம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செருப்பைக் கழற்றும்போது, புதிதாகச் சற்று இறுக்கமாக இருந்ததையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தண்ணீருக்கு அனுப்பினேன்.

ஏன் அவிழ்க்கவில்லை? பட்டு என்பதால். காட்டன் கயிறாக இருந்திருந்தால், ரப்பர் பேண்டாக இருந்திருந்தால் அந்த நிமிடமே கழற்றியிருப்பேன். பாவாடை விஷயத்துக்குப் பிறகு இனி எந்தக் குழந்தையின் உடம்பிலும் இருக்கிற பட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மறுபடி உன்னிடம் பேச்சு வாங்கக் கூடாது, மறுபடி ஊர் பேசக் கூடாது. என் மரியாதையைப் பார்த்தேன், குழந்தையின் விரலைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது காயத்ரி.

விசாரணையில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

பிராமி


23.7.2025

பார்த்தீர்களா? ஐந்து நாள் பார்த்தீர்களா? பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டீர்களா?

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். கம்பெனி வாசல் வந்ததும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மதுமிதா வந்து இறக்கினாள். அன்று ஷிப்டில் மூன்று பீஸ் ரிஜெக்ட். உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "காயத்ரி, இது இறுக்கமா இருக்குது, அவுக்கட்டுமா?" என்று ஒரு போன். அரை நிமிடம். என்ன திட்டியிருப்பேன்? திட்டினால்தான் என்ன?

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். திரும்ப எழுதுகிறேன். உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஆமாம். நான்தான் கட்டினேன்.

தினமும் நாலு மணிக்கு நான் எழுந்தவுடன் அவளும் விழித்துவிடுவாள். என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அழுதால் மாமியார் எழுந்து வந்து, "புள்ளைய அழவுட்டு இன்னா சம்பாத்தியம்" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் அவள் சத்தமில்லாமல் அழப் பழகிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். நாலு வயதில். அந்தத் திங்கட்கிழமை தறிக்குப் பக்கத்தில் கிடந்த நூலை எடுத்து விரலில் கட்டினேன். என்ன சொல்லிக் கட்டினேன் என்பது உங்களுக்கே தெரியும். அழவில்லை! டாட்டா காட்டினாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வியாழக்கிழமை எங்கேயோ நழுவிவிட்டது. சாயங்காலம் வந்தால் அப்படி ஒரு அழுகை. அம்மா தொலைந்துவிட்டாளாம். அதனால் வெள்ளிக்கிழமை ஆறு சுற்று, இரட்டை முடிச்சு. பட்டு நனைந்தால் முடிச்சு இறுகும் என்பது தறிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். வெள்ளிக்கிழமை உங்கள் தண்ணீர் நாள் என்பதுதான் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் கழற்றப் பார்த்தாலும் விட்டிருக்க மாட்டாள். நான் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை நினைக்காத நிமிடம் இல்லை.

பிராமி அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் கட்டினேன் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். வேலை போய்விடும். அது போனால் நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன். நீங்கள் ஐந்து நாள் பார்த்தீர்கள் என்பதை நானும் யாரிடமும் சொல்ல மாட்டேன். இரண்டும் நம்மோடு போகட்டும். குழந்தை எங்கிருந்தோ எடுத்துக் கட்டிக்கொண்டது, ஒரு மணிக்குத்தான் தெரிந்தது, அவ்வளவுதான். எச்சரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வீடும் தப்பிக்கும்.

இதைக் கிழித்துப் போடுங்கள்.

காயத்ரி


24.7.2025

காயத்ரி,

கிழித்துவிட்டேன்.

உன் பேரத்துக்கு நான் வரமாட்டேன். நான் பார்த்ததை நாளை சொல்வேன். நீ கட்டியதை நான் சொல்ல மாட்டேன், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. நாளை நீயும் அங்கேதான் இருப்பாய்.

பிராமி


26.7.2025, சனி

காயத்ரி,

குழந்தைகளின் மாற்றுத் துணிகள், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் பெற்றோர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். மதுமிதாவும் வந்திருக்கிறாள். அவளிடம் இதைக் கொடுக்கிறேன். குழலியின் கவுன் இரண்டும் கூட இருக்கிறது.

எனக்குக் கோபம். அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

நேற்று அந்த அதிகாரி அம்மா குழந்தைகள் உட்காரும் பாயிலேயே உட்கார்ந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அஞ்சு நாளா பாத்தும் வுட்டுட்டீங்களா?" என்று அவர் கேட்டபோது உன் கணவர் என்னை அடிக்க வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. பிறகு அதிகாரி அம்மா உன் பக்கம் திரும்பி, "வூட்லேந்தே நூலக் கட்டிக்கினு வந்திருக்குதே, நீங்க பாக்கலயாம்மா?" என்று கேட்டார். உனக்குப் பதில் தினகரன் சொன்னார்: "அவ விடியறதுக்கு முந்தியே வேலைக்குப் போயிடறா மேடம். புள்ள தானே கட்டிக்கினுது." நீ பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மா எழுதிக்கொள்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் உன்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் முழுக்க நீ சொல்லிவிடுவாய் என்று நம்பினேன்.

உனக்காக நான் வாய் மூடியிருந்ததைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. நீயே சொல்லப்போகிறாய் என்று நினைத்துத்தான் மூடியிருந்தேன். சொல்லியிருந்தால் என் தவறு குறைந்திருக்காது. ஆனால், தாயும் நானும் சேர்ந்து செய்த ஒரு பிழை என்று எழுதியிருப்பார்கள். இப்போது என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "குழந்தைகள் கவனிப்பின்றி ஆபத்தான பொருட்களைக் கையாள அனுமதிக்கும் முறை." என் முறை! தண்ணீரும் மாவும் பெட்ஷீட் வீடும் ஆபத்தான முறையாகிவிட்டன. மறு உத்தரவு வரும் வரை குழந்தைகள் வரக் கூடாது.

நேற்று மாலை மகாவீர் என்ற மூன்று வயதுப் பையன் போகமாட்டேன் என்று கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பா விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்.

குழலியின் நுனி பிழைத்துவிட்டது, நகம் மட்டும்தான் போயிற்று என்று மதுமிதா சொன்னாள். எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். இனி எனக்கு எழுதாதே.

பிராமி


30.7.2025

பிராமி அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றைப் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் நூலை வெட்டி எடுத்தவுடன் நான் அதைத் தட்டிலிருந்து எடுத்து டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அவர் பார்த்திருந்தால் எந்தத் தறி நூல் என்று சொல்லிவிடுவார். அதற்கப்புறம் குழலியின் காதில், "யாரு கேட்டாலும் அத்தை வூட்ல நானே கட்டிக்கினேன்னு சொல்லு கண்ணு" என்று சொல்லிக்கொடுத்தேன். வலியில் துடிக்கிற பிள்ளைக்கு. அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அப்பா கேட்டபோதும், டாக்டர் கேட்டபோதும், யார் கேட்டபோதும் மாற்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். தலையணையை உட்கார வைத்து, அதற்கு என் மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். அது அதிகாரி அம்மா. அவளே இரண்டு குரலிலும் பேசினாள்.

"யாரு கட்னா?"

"நானே கட்டிக்கினேன்."

"அப்ப உனக்கு இனிமே அத்தை வூடு கெடையாது."

"சரி."

அவ்வளவுதான் விளையாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அழவில்லை அக்கா, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி "சரி" என்று சொன்னாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. துணியை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

உங்கள் வீடு மூடியது எல்லோருக்கும் தெரியும். யாரால் மூடியது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்ததுதான் எனக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தண்டனையையும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மாமியார் காதில் விழட்டும் என்று கூடத்திலேயே சொன்னேன். அவர் ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. தினகரன் எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்தார், ஆனால் நெய்யவில்லை. நெடுநேரம் கழித்து, "எங்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கா நான் இருக்கேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை பேசவில்லை. வேலைக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. நாளை என்ன சொல்வார் என்று தெரியாது. இன்று பஸ் ஏறிவிட்டேன், அதுதான் தெரியும்.

நேற்று லீவு போட்டு அந்த அதிகாரி அம்மாவின் ஆபீஸுக்குப் போனேன். நூலைக் கட்டியது நான், குழந்தையைப் பொய் சொல்ல வைத்ததும் நான், புகாரில் இருக்கும் என் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நகலில் சீல் வாங்கியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். அவர் இரண்டு தடவை படித்தார். என் மேல் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி உங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகவும், காலையில் குழந்தைகளின் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்கிற வழக்கத்தை நீங்கள் ஒப்புக்கொண்டால் திறக்க எழுதுவதாகவும் சொன்னார். உங்களுக்கும் கடிதம் வரும். பட்டு உட்பட எல்லாவற்றையும் பாருங்கள் அக்கா. நான் திட்ட மாட்டேன்.

வீட்டுக்கு வந்து குழலியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "நூலு கட்னது நீ இல்லடா. அம்மாதான் கட்னேன். உம்மேல தப்பே இல்ல. ஆபீஸ்ல போயி சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் கேட்டாள்: "அப்ப உனக்கு இனிமே அத்தை வூடு கெடையாதாம்மா?"

தெரியலடா, அத்தைக்கு எழுதிக் கேக்கறேன்னு சொன்னேன். கேட்டுவிட்டேன்.

காயத்ரி